ஆன்லைன் பில்லில் உள்ள அந்த இரண்டு எண்கள்: விற்பனை வரியின் கதை

இது நீளமான பதிவு. ராத்திரி சாப்பிட்டுவிட்டு நிதானமாக உட்கார்ந்து படியுங்கள்.

ஆன்லைனில் வாங்கும் பொருளோடு ஒரு பில் வருகிறது. அட்டைப் பெட்டியைப் பிரித்ததும் அதைக் கசக்கிப் போட்டுவிடுகிறோம். இனிமேல் ஒரு தடவை எடுத்துப் பாருங்கள். விற்றவரின் ஜிஎஸ்டி எண் பதினைந்து இலக்கத்தில் இருக்கும். அதில் முதல் இரண்டு எண்கள்தான் மாநிலத்தைக் காட்டும். 33 என்றால் தமிழ்நாடு, 29 கர்நாடகம், 32 கேரளம், 27 மகாராஷ்டிரம், 34 புதுச்சேரி. ஓசூர் கிடங்கிலிருந்து 33-இல் தொடங்கும் எண்ணோடு வந்தால் பில்லில் வரி இரண்டு வரியாகப் பிரிந்திருக்கும், பாதி மத்திய ஜிஎஸ்டி, பாதி மாநில ஜிஎஸ்டி. அதே மிக்சி அடுத்த ஊரான பெங்களூரிலிருந்து 29-இல் தொடங்கும் எண்ணோடு வந்தால் ஒரே வரிதான், ஐஜிஎஸ்டி. நாம் கொடுக்கும் தொகை இரண்டிலும் ஒன்றே.

"தொகை ஒன்றுதானே சார், அப்புறம் எதற்கு இந்த வித்தியாசம்?" என்று நம் பள்ளியில் படித்து இப்போது சுங்குடிச் சேலை வியாபாரம் செய்யும் ஒரு மாணவி வாட்ஸ்அப்பில் கேட்டிருந்தார். ஒரு வரியில் பதில் சொல்ல முடியாத கேள்வி. ஒரு மாநிலத்தில் இருப்பவர் விற்கிறார், இன்னொரு மாநிலத்தில் இருப்பவர் வாங்குகிறார், வரி யாருக்குச் சேர வேண்டும்? இந்த ஒரு கேள்விக்காக நம் நாட்டில் எழுபது வருஷத்துக்கு மேல் சண்டை நடந்திருக்கிறது. அந்தக் கதை நம்ம ஊரில்தான் தொடங்குகிறது.

1935-ஆம் வருஷத்து இந்திய அரசுச் சட்டம் மாகாணங்களுக்குச் சில வரிகளை விட்டுக்கொடுத்தது. பொருள் விற்பனை மீதான வரி அதில் ஒன்று. 1937 ஜூலையில் ராஜாஜி சென்னை மாகாணப் பிரதமரானார் (அப்போது முதல்வரை அப்படித்தான் அழைப்பார்கள்). அந்த அக்டோபர் 1-ஆம் தேதியே தன் சொந்த மாவட்டமான சேலத்தில் மதுவிலக்கைக் கொண்டு வந்தார். அடுத்து சித்தூர், கடப்பை, பிறகு வட ஆற்காடு. கள்ளுக்கடை, சாராயக்கடை வருமானம்தான் மாகாணக் கஜானாவின் பெரிய தூண். அதை எடுத்துவிட்டால் பள்ளிக்கூடத்துக்கும் ஆஸ்பத்திரிக்கும் பணம் எங்கிருந்து வரும்? அதற்கு ராஜாஜி கண்டுபிடித்த வழிதான் 1939-ஆம் வருஷத்து சென்னைப் பொது விற்பனை வரிச் சட்டம்.

அதற்கு ஒரு வருஷம் முன்பே மத்திய மாகாணம் பெட்ரோலுக்கும் மசகு எண்ணெய்க்கும் மட்டும் விற்பனை வரி போட்டிருந்தது. எல்லாப் பொருளுக்கும் பொதுவாக வரி என்று இந்தியாவில் முதலில் போட்டது நம் சென்னை மாகாணம்தான். எவ்வளவு தெரியுமா? நூற்றுக்கு அரை ரூபாய். வருஷத்துக்குப் பத்தாயிரம் ரூபாய்க்குக் கீழே வியாபாரம் செய்பவருக்கு வரியே இல்லை. பத்திலிருந்து இருபதாயிரம் வரை மாதம் ஐந்து ரூபாய் கட்டினால் போதும், கணக்குத் தொந்தரவு கிடையாது. அதற்கு மேலேதான் அரை சதவீதம். சின்னக் கடைக்காரரை விட்டுவிட வேண்டும் என்ற எண்ணம் முதல் சட்டத்திலேயே இருந்ததைக் கவனியுங்கள். பின்னால் இதற்கு வருகிறேன்.

வணிகர்கள் எதிர்த்தார்கள், எதிர்க்காமல் இருப்பார்களா? தில்லி அரசும் சும்மா இருக்கவில்லை. தயாரிப்பவரே விற்கும் முதல் விற்பனைக்கு வரி போட்டால் அது கலால் வரி, அது எங்களுடையது என்று வாதாடியது. 1942-இல் போட்டு பைடண்ணா வழக்கில் ஃபெடரல் கோர்ட் சென்னையின் பக்கம் தீர்ப்புச் சொன்னது. 1945-இல் லண்டன் பிரிவி கவுன்சிலும் அதையே உறுதி செய்தது. பிறகு ஒவ்வொரு மாகாணமாக இந்த வரியைப் பிடித்துக்கொண்டது. வெகு சீக்கிரத்தில் மாநிலங்களின் சொந்த வருமானத்தில் இதுதான் தலைப்பிள்ளை ஆகிவிட்டது. முப்பது வருஷத்துக்கு மேல் மாதாமாதம் கருவூலத்திலிருந்து வந்த என் சம்பளத்தில் இந்த விற்பனை வரிக்குப் பெரிய பங்கு உண்டு. அதனால் எனக்கு இந்த வரி மேல் கொஞ்சம் பாசம் உண்டு, சொல்லிவிடுகிறேன்.

இனி முக்கியமான கட்டம்.

சுதந்திரம் வந்தது, அரசியலமைப்புச் சட்டம் வந்தது. அதில் 286-ஆவது பிரிவு, ஒரு மாநிலம் தனக்கு வெளியே நடக்கும் விற்பனைக்கு வரி போடக் கூடாது என்றது. சரிதான், ஆனால் விற்பனை எங்கே நடந்தது என்று யார் சொல்வது? கல்கத்தாவில் பெங்கால் இம்யூனிட்டி என்று ஒரு மருந்துக் கம்பெனி. தடுப்பூசி, சீரம் போன்றவை தயாரித்தார்கள். பீகாரிலிருந்து கடிதத்தில் ஆர்டர் வரும். இவர்கள் ரயிலிலும் கப்பலிலும் விமானத்திலும் சரக்கை அனுப்புவார்கள். 1951-இல் பீகார் வரித்துறை, எங்களிடம் பதிவு செய்து வரி கட்டுங்கள் என்று கேட்டது. கம்பெனி மறுத்தது. பீகாரில் எங்களுக்கு ஏஜெண்ட் இல்லை, ஆபீஸ் இல்லை, கிடங்கு இல்லை, நாங்கள் ஏன் அங்கே கட்ட வேண்டும் என்றது.

பிள்ளைகளே, இதில் கடிதத்துக்குப் பதிலாக செல்போனை வைத்துப் பாருங்கள். இன்றைய ஆன்லைன் வியாபாரம் அப்படியே இருக்கிறது.

அந்த வழக்கு நடந்துகொண்டிருக்கும்போதே, 1953-இல் யுனைடெட் மோட்டார்ஸ் என்ற வேறொரு பம்பாய் வழக்கில் உச்ச நீதிமன்றம், பொருள் எங்கே போய்ச் சேருகிறதோ அந்த மாநிலம் வரி போடலாம் என்று சொல்லிவிட்டது. உடனே எல்லா மாநிலங்களும் வெளியூர் வியாபாரிகளுக்கு நோட்டீஸ் அனுப்ப ஆரம்பித்தன. பத்து மாநிலத்துக்குச் சரக்கு அனுப்பும் வியாபாரி பத்து இடத்தில் பதிவு செய்து, பத்து மொழியில் வரும் நோட்டீசுக்குப் பதில் எழுதி, கணக்குப் புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு அலைய வேண்டும். ஒரே கூச்சல். ஏழு நீதிபதிகள் உட்கார்ந்தார்கள். 1955 செப்டம்பர் 6-ஆம் தேதி, நாலுக்கு மூன்று என்ற கணக்கில், இரண்டு வருஷத்துக்கு முன் தாங்கள் சொன்னதையே மாற்றினார்கள். மாநிலத்துக்கு மாநிலம் நடக்கும் வியாபாரத்துக்கு, பாராளுமன்றம் சட்டம் போட்டு அனுமதிக்காத வரையில் எந்த மாநிலமும் வரி போட முடியாது என்றார்கள்.

மாறுபட்ட மூவரில் ஒருவர் நம்ம டி.எல். வெங்கடராம ஐயர். ஆம், முத்துசுவாமி தீட்சிதர் கீர்த்தனைகளில் கரைகண்டவர், டி.கே. பட்டம்மாளுக்குப் பாடம் சொன்னவர், 1944-இல் சங்கீத கலாநிதி வாங்கியவர். காலையில் தீட்சிதர், பகலில் விற்பனை வரி. அந்தக் காலத்து மனிதர்கள் அப்படி.

தீர்ப்பு வந்ததும் மாநிலங்களுக்குப் பயம் பிடித்தது. 1951 ஏப்ரலிலிருந்து வசூலித்த வரியைத் திருப்பிக் கொடுக்க வேண்டுமே! 1956-இல் ஒரு சட்டம் போட்டு அந்த வசூலைச் செல்லுபடி ஆக்கினார்கள். அதே வருஷம் ஆறாவது அரசியலமைப்புத் திருத்தம், அதன்பின் மத்திய விற்பனை வரிச் சட்டம். ஜான் மத்தாய் தலைமையில் ஒரு வரி விசாரணைக் குழு முன்பே இதற்கு வழி சொல்லியிருந்தது. 1957 ஜூலை 1 முதல் வரி நடைமுறைக்கு வந்தது. பெயர்தான் மத்திய வரி. வசூலித்து வைத்துக்கொண்டது சரக்கு புறப்பட்ட மாநிலம். வியாபாரிக்கு வியாபாரி விற்றால் 'சி' படிவம் கொடுத்து ஒரு சதவீதம். அது பிற்பாடு இரண்டு, மூன்று என்று ஏறி 1975-இல் நாலு சதவீதம் ஆயிற்று.

இதனால் யாருக்கு லாபம்? தொழிற்சாலை உள்ள மாநிலத்துக்கு. தமிழ்நாடு, மகாராஷ்டிரம், குஜராத். வாங்கி மட்டும் பயன்படுத்தும் பீகாருக்கு ஒன்றும் கிடையாது. 1951-இல் கேட்ட பீகார் 2017 வரை காத்திருந்தது.

நடுவில் நம் வீட்டுக் கதையும் கொஞ்சம் உண்டு. மாநிலத்துக்கு மாநிலம் வரி விகிதம் வேறு வேறு. பாண்டிச்சேரியில் வரி குறைவு. எண்பதுகளில் டி.வி. வாங்கவும் வண்டி வாங்கவும் நம் ஆட்கள் பஸ் ஏறிப் பாண்டிச்சேரி போனது பெரியவர்களுக்கு நினைவிருக்கும். டில்லியிலிருந்தும் பம்பாயிலிருந்தும் வி.பி.பி.யில் பொருள் வரவழைப்பதும் உண்டு. தபால்காரர் வாசலில் நின்று பணம் வாங்கிக்கொண்டு பார்சலைக் கொடுப்பார். 'கேஷ் ஆன் டெலிவரி' என்பதைப் புதுசாகக் கண்டுபிடித்ததாக என் பேரன் நினைத்துக்கொண்டிருக்கிறான். வரி ஓடிப்போவதைத் தடுக்கத் தமிழ்நாடு 1990-இல் வெளியிலிருந்து வரும் வண்டிகளுக்கு நுழைவு வரிச் சட்டம் கொண்டு வந்தது. உள்ளூர்க் கடைகளில் "பில் வேணுமா, வேண்டாமா? பில் போட்டா வரி சேரும்" என்று கேட்பார்கள். பில் வேண்டாம் என்று பத்து ரூபாய் மிச்சம் பிடித்தவர்கள், பள்ளிக்கூடத்துக்கு ஏன் கூரை இல்லை என்று பெற்றோர் கூட்டத்தில் கேள்வியும் கேட்பார்கள்.

தமிழ்நாட்டில் 2007 ஜனவரி 1 முதல் வாட் வரி வந்தது. அதே வருஷம் பெங்களூரில் ஃபிளிப்கார்ட் தொடங்கியது. 1957-ஆம் வருஷத்து ஏற்பாட்டின் ஓட்டை அப்போதுதான் வெளிச்சத்துக்கு வந்தது. கொச்சியில் இருப்பவர் போனில் ஆர்டர் செய்கிறார். சரக்கு பெங்களூரிலிருந்து வருகிறது. வரி கர்நாடகத்துக்கு. கொச்சிக் கடைத்தெருவில் வியாபாரம் படுக்கிறது, கேரள அரசுக்கு வரியும் இல்லை. பொறுக்காமல் கேரள வரித்துறை ஆன்லைன் கம்பெனிகளுக்கு அபராதம் போட்டது. 2015-இல் கேரள உயர் நீதிமன்றம் அதை ரத்து செய்துவிட்டது. சட்டப்படி அது மாநிலங்களுக்கு இடையிலான விற்பனை, கேரளம் தொட முடியாது. குஜராத், உத்தராகண்ட், அஸ்ஸாம் போன்றவை ஆன்லைன் சரக்குக்கு நுழைவு வரி போட்டுப் பார்த்தன. பீகார் 1951-இல் நின்ற அதே இடத்தில் இவர்கள் எல்லாரும் நின்றார்கள்.

அமெரிக்காவில் இருக்கும் பிள்ளைகளுக்கு இது தெரிந்த கதையாகத் தோன்றும். அங்கேயும் விற்பனை வரி மாநிலங்களுடையது. 1967-இல் நேஷனல் பெல்லாஸ் ஹெஸ் என்ற தபால் வழி வியாபாரக் கம்பெனி மேல் இல்லினாய் மாநிலம் வரி கேட்டது. எங்களுக்கு அங்கே கடை இல்லை, ஆள் இல்லை என்று கம்பெனி சொன்னது. நம் பெங்கால் இம்யூனிட்டி சொன்ன அதே சொல், பன்னிரண்டு வருஷம் கழித்து. கோர்ட் ஒத்துக்கொண்டது. 1992-இல் குவில் வழக்கிலும் அதுவே. சட்டப்படி வாங்கியவரே தானாக முன்வந்து 'யூஸ் டாக்ஸ்' கட்ட வேண்டும். யார் கட்டுவார்கள்? ஏறக்குறைய யாரும் கட்டவில்லை. இன்டர்நெட் வியாபாரம் இந்தத் தீர்ப்பின் நிழலில்தான் அங்கே வளர்ந்தது. கடைசியில் 2018 ஜூன் 21 அன்று சவுத் டகோட்டா – வேஃபேர் வழக்கில், ஐந்துக்கு நாலு என்று, பழைய தீர்ப்புகளைத் தூக்கிப் போட்டார்கள். கடை இருக்கிறதோ இல்லையோ, பொருள் போய்ச் சேரும் மாநிலம் வரி கேட்கலாம். சவுத் டகோட்டாவில் வருமான வரி கிடையாது, விற்பனை வரியை நம்பித்தான் அரசு நடக்கிறது. அவர்கள் விடாமல் போராடியதற்குக் காரணம் அதுதான்.

அந்த சவுத் டகோட்டா சட்டத்தில் ஒரு நல்ல அம்சம் இருந்தது. வருஷத்துக்கு ஒரு லட்சம் டாலருக்கு மேல் விற்றாலோ, இருநூறு தடவைக்குக் குறையாமல் விற்றாலோதான் அந்த மாநிலத்தில் வரி வசூலித்துக் கட்ட வேண்டியிருந்தது. சின்ன ஆளுக்கு விலக்கு. இதையும் மனதில் வையுங்கள்.

நம் நாட்டில் 2017 ஜூலை 1 அன்று ஜிஎஸ்டி வந்தது. மத்திய விற்பனை வரி நடைமுறைக்கு வந்து சரியாக அறுபது வருஷம், அதே தேதி. இப்போது வரி, பொருள் போய்ச் சேரும் மாநிலத்துக்கு. மூவாயிரத்து ஐந்நூற்று நாற்பது ரூபாய்க்கு மிக்சி வாங்கினால் அதில் விலை 3,000, பதினெட்டு சதவீத வரி 540. பெங்களூரிலிருந்து வந்தால் ஐஜிஎஸ்டியாக அது மத்திய அரசுக்குப் போய், பாதி, அதாவது 270 ரூபாய், தமிழ்நாட்டுக்குத் திரும்பி வர வேண்டும். எந்த மாநிலத்துக்கு அனுப்புவது என்று கணக்கு வைக்கத்தான் பில்லில் அந்த வித்தியாசம். பெங்களூரில் வேலை பார்க்கும் மகன் ஆர்டர் போட்டு, கிராமத்தில் இருக்கும் அம்மா வீட்டு முகவரிக்கு அனுப்பினால்? இந்தக் குழப்பத்துக்கு 2024 ஜூனில் ஒரு சுற்றறிக்கை வந்தது. ஜிஎஸ்டி பதிவு இல்லாத சாதாரண வாடிக்கையாளர் என்றால் பொருளை ஒப்படைக்கும் முகவரிதான் கணக்கு. ஆகவே அந்த வரிப் பங்கு அம்மாவின் மாநிலத்துக்கு.

தமிழ்நாடு இதை விரும்பவில்லை. உற்பத்தி செய்யும் மாநிலம் அல்லவா, நஷ்டம் நமக்கு. 2016 ஆகஸ்டில் மாநிலங்களவையில் ஜிஎஸ்டிக்கான அரசியலமைப்புத் திருத்தம் ஓட்டெடுப்புக்கு வந்தபோது அ.தி.மு.க. வெளிநடப்புச் செய்தது. ஐந்து வருஷத்துக்கு நஷ்டஈடு தருவதாகச் சொல்லித்தான் சமாதானம் செய்தார்கள். அதுவும் 2022 ஜூனோடு முடிந்தது.

என் அபிப்பிராயம் கேட்டால், பொருளைப் பயன்படுத்துகிறவரிடம் வாங்கும் வரி அவர் ஊர்ப் பள்ளிக்கூடத்துக்குப் போவதுதான் நியாயம். தமிழ்நாட்டுக்காரனாக இருந்தும் இதைச் சொல்கிறேன். பீகாரில் இருக்கும் வாத்தியாரும் வாத்தியார்தானே. ஆனால் இன்னொரு விஷயம் எனக்கு உறுத்துகிறது. 1939-இல் ஒரு மாகாணம் தானாக யோசித்து, தன் தேவைக்குத் தானே ஒரு வரியைப் படைத்தது. இன்று எந்தப் பொருளுக்கு எத்தனை சதவீதம் என்பது ஜிஎஸ்டி கவுன்சிலில் முடிவாகிறது. அங்கே மூன்றில் ஒரு பங்கு ஓட்டு மத்திய அரசுக்கு, நிறைவேற நாலில் மூன்று பங்கு வேண்டும். மத்திய அரசு வேண்டாம் என்றால் எதுவும் நடக்காது. மாநிலம் தன் இஷ்டப்படி விற்பனை வரி போட மிச்சம் இருப்பது என்ன தெரியுமா? பெட்ரோல், டீசல் போன்ற சில எரிபொருள்கள். அப்புறம் மது. சாராய வருமானத்தை விட்டுவிடுவதற்காக ராஜாஜி விற்பனை வரியைக் கொண்டு வந்தார். அந்த விற்பனை வரி கைவிட்டுப் போன பிறகு மாநிலத்தின் கையில் பிடிமானமாக இருப்பதில் ஒன்று சாராயம். அவர் இருந்தால் என்ன எழுதியிருப்பாரோ!

மாணவி கேட்ட கேள்விக்குள் இன்னொரு கேள்வியும் இருந்தது. அதுதான் அவருக்குப் பெரிய கவலை. ஊரில் கடை வைத்துச் சேலை விற்றால் வருஷத்துக்கு 40 லட்சம் ரூபாய் வரை ஜிஎஸ்டி பதிவே வேண்டாம். அதே சேலையைப் பாலக்காட்டில் இருக்கும் ஒருவருக்கு ஆன்லைன் தளம் மூலம் விற்றால் முதல் சேலைக்கே பதிவு வேண்டும். மாதமோ மூன்று மாதமோ தவறாமல் கணக்குத் தாக்கல் செய்ய வேண்டும், ஆடிட்டருக்குப் பணம் கொடுக்க வேண்டும். 2023 அக்டோபர் வரை தமிழ்நாட்டுக்குள் ஆன்லைன் தளத்தில் விற்பதற்கும் இதே கதிதான். அப்புறம் சொந்த மாநிலத்துக்குள் விற்கும் சிறியவர்களுக்கு விலக்குக் கொடுத்தார்கள். எல்லை தாண்டினால் இன்றும் விலக்குக் கிடையாது. இதற்கு மேல், பதிவு செய்தவர்கள் விற்ற மதிப்பில் அரை சதவீதத்தை (2018-இல் தொடங்கியபோது ஒரு சதவீதம், 2024 ஜூலையில் குறைத்தார்கள்) தளம் நடத்தும் கம்பெனியே பிடித்து அரசுக்குக் கட்டிவிடும். அது நஷ்டம் இல்லை. அந்தப் பணம் உங்கள் பெயரில்தான் வரவாகும், தாக்கல் செய்யும்போது கழித்துக்கொள்ளலாம். பல பேர் அதை எடுக்கத் தெரியாமல் விட்டுவிடுகிறார்கள்.

1939-ஆம் வருஷத்துச் சென்னைச் சட்டம் பத்தாயிரம் ரூபாய்க்குக் கீழ் உள்ளவரைத் தொடவில்லை. சவுத் டகோட்டா ஒரு லட்சம் டாலர் வரை தொடவில்லை. சின்னாளபட்டியிலிருந்து பாலக்காட்டுக்கு ஒரு சேலை அனுப்பும் பெண்ணுக்கு மட்டும் ஏன் முதல் ரூபாயிலிருந்தே கணக்கு? மாநிலம் தாண்டிய விற்பனைக்கும் ஒரு வரம்பு வைப்பதில் அரசுக்குப் பெரிதாக ஒன்றும் குறைந்துவிடாது என்பது என் எண்ணம். நம் பிள்ளைகளில் ஆடிட்டர்களும் வணிக வரித்துறையில் இருப்பவர்களும் உண்டு. கைத்தறி, கைவினைப் பொருளுக்குத் தனிச் சலுகை அறிவிப்புகள் இருக்கின்றன, ஆன்லைன் தளத்தில் விற்பவருக்கு அவை எந்த அளவு பொருந்தும் என்பதை எளிய தமிழில் கமெண்டில் எழுதுங்கள். சேலை விற்கும் பிள்ளையும் படிப்பார், இன்னும் நாலு பேருக்கும் உதவும்.